தண்டவாளம் என்ற சொல்

ராயக்கோட்டை ஹைஸ்கூலில் தமிழாசிரியையாக எனக்கு வேலை கிடைத்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வித்வான் பட்டம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். யாப்பில் எனக்கு அளவுக்கு மீறிய பெருமை உண்டு. யாராவது தளை தட்டப் பாடினால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லிவிடுவேன். அதனால் சிநேகிதிகள் குறைவு.

அந்த ஊரில் தனியாக ஒரு பெண்ணுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் தம் வீட்டின் முன்னறையை எனக்குக் கொடுத்தார். அவருக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும். வீட்டில் அவரும் அவருடைய மாமியாரும் மட்டும். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். கணவர் யுத்தத்தில் இறந்தவர் என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவராகவும் சொன்னதில்லை. பள்ளியில் நான் அவரை டீச்சர் என்பேன், வீட்டில் அக்கா என்பேன். அவர் இரண்டு இடத்திலும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

எனக்கு ரவிக்கை தைப்பதற்காக ஒருநாள் அளவு எடுத்தார். மறுநாள், கை அளவு எவ்வளவு எழுதினேன் என்று பார்த்துச் சொல்லுங்க டீச்சர் என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். அளவு நோட்டைப் புரட்டினேன். யார் யாருடைய மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் நடுவில் ஒரு பக்கம் முழுக்க வேறு ஏதோ எழுதியிருந்தது.

*ஆறு மணி வண்டியில் ஏறினாய்.*
*ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.*
*கட்டிக் கொடுத்த சோற்றில் உப்புக் குறைவு.*
*வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.*
*பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.*
*கட்டைகளை எடுத்தார்கள். ஆணிகளை எண்ணி எடுத்தார்கள்.*
*நீ இறங்க வேண்டிய இடத்தில்*
*இப்போது புளி காய்கிறது.*

இரண்டு முறை படித்தேன். யுத்தத்துக்குப் போன கணவரைப் பற்றியது என்று புரிந்தது. நல்ல விஷயம், ஆனால் கவிதையாக இல்லையே என்றும் தோன்றியது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள் என்ற வரியை மட்டும் ரசித்தேன். கணவன் திரும்பி வரும் வழியை விதி பிடுங்கிவிட்டது என்பதை இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஆணியை எண்ணுவதும் புளி காய்வதும் எதற்கு என்று விளங்கவில்லை.

அந்த மாதம் பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கட்டுரை, கவிதை சேர்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் சரி பண்ணி மலர்ல போடலாமா?" என்று கேட்டேன்.

"சும்மா எழுதி வெச்சது. தெலுங்குல எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. அதான் தமிழ்ல எழுதினேன். அதைப் போயி யாரு படிப்பாங்க?"

"சரி பண்ணினா படிப்பாங்க."

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் சரி பண்ணினேன். உப்பையும் ஆணியையும் புளியையும் எடுத்தேன். தண்டவாளம் என்ற சொல் பாட்டில் உட்காராது என்று அதை வழி ஆக்கினேன். 'வீரனின் துணைவி' என்று தலைப்பு வைத்தேன். அச்சில் வந்தது இப்படித் தொடங்கியது:

*சென்றனை தலைவ! செருமுகம் நோக்கி;*
*நின்றனள் பேதை நெடுவழி நோக்கி;*
*வழியும் அழிந்தது, விழியும் தன்னுடை*
*ஒளியை இழந்தது...*

கீழே தையல் டீச்சரின் பெயரைப் போட்டேன். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

கிருஷ்ணகிரியில் ஓர் அச்சகத்தில் அடித்த மலர், ஆண்டு விழா அன்று காலைதான் கட்டாக வந்து சேர்ந்தது. விழாவுக்குத் தலைமை தாங்க வந்த அதிகாரி அந்தப் பாட்டை மேடையில் வாசித்துக்காட்டிப் பாராட்டினார். அப்போது தையல் டீச்சர் மேடைக்குப் பின்னால் நாடகப் பிள்ளைகளுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் தையல் அறைக்குப் போனேன். மலரை மேஜையில் விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுல இந்தப் பேதைங்கிறது யாரு?"

"நீங்கதான் அக்கா. பேதைன்னா பெண்."

"நான் வழி பார்த்துகிட்டு நிக்கலியே. தையல் கத்துக்கப் போயிட்டேனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்புறம், வழி எங்க அழிஞ்சுது? வழி அப்பிடியே இருக்குது. தண்டவாளம்தான் இல்ல."

"அது உருவகம்தானே அக்கா? அதனாலதான் மாத்தினேன்."

"உருவகம்னா?"

"ஒண்ணை இன்னொண்ணாச் சொல்றது. விதி வழியை மறைச்சிடுச்சின்னு சொல்றதுக்குப் பதிலா, தண்டவாளத்தைப் பிடுங்கினாங்கன்னு நீங்க..."

"இல்லீங்க டீச்சர். நெசமாவே பிடுங்கிட்டுப் போனாங்க."

நான் அந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே ரயில் ஓடியது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வந்தேன், பஸ்ஸில் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீளமாக, கோடு போட்டதுபோல ஒரு மேடு போகும். சாயங்காலம் அதன்மேல் நடந்துவிட்டு வருவேன். ஏதோ பழைய ஏரிக்கரை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவரே என்னை அதன் வழியாக அழைத்துப் போனார். மொரப்பூரிலிருந்து ஓசூர் வரைக்கும் சின்ன ரயில் ஓடியதாம். மேட்டின் மேல் நடக்க நடக்க, காலில் இடறிய சல்லிக் கற்கள் எதற்குக் கொட்டியவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் கல் கட்டடம் ஒன்று வந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் கம்பிகள் அப்படியே இருந்தன. யாரோ வியாபாரி உள்ளே மூட்டைகளைப் போட்டுப் பூட்டியிருந்தார். வெளியே பிளாட்பாரம் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. கொட்டை எடுத்த புளியின் வாசம் மூக்கில் ஏறியது. நாங்கள் ஓரமாக, வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம்.

"இங்கதான் ஏறினாரு" என்றார். "யுத்தம் ஆரம்பிச்சி ஒரு வருசம் இருக்கும். அவரு போயி கொஞ்ச மாசத்துல வண்டிய நிறுத்திட்டாங்க. யுத்தத்துக்கு இரும்பு வேணும்னு பேசிகிட்டாங்க. ஓசூர்ப் பக்கத்துலேருந்து பிடுங்கிகிட்டே வந்தாங்க. பிடுங்கினதை முன்னாடி நிக்கிற வண்டியில ஏத்துவாங்க. வண்டி கொஞ்சம் மொரப்பூர்ப் பக்கம் நகரும். அது நின்ன எடத்தையும் பிடுங்குவாங்க. நான் தெனமும் வந்து பார்ப்பேன்."

"தினமுமா?"

"வீட்டுல சாணி தட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்துருவேன். பிடுங்குற ஆளுங்களோட மேஸ்திரி தெலுங்குக்காரரு. ஒருநாள் அவருகிட்ட கேட்டேன், இந்த ஸ்டேஷன்ல இருக்கிறதை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னு. எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருக்காரு, வரணும்னேன்."

"என்ன சொன்னார்?"

"ரெண்டு பக்கமும் இல்லாம நடுவுல மட்டும் இருந்தா வண்டி எப்பிடிம்மா வரும்னாரு. அவரு சொன்னது சரிதான். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. அது தோணல."

அதையெல்லாம் அவர் கணவருக்கு எழுதினாராம். கணவர் மலேயாவிலிருந்து பதில் போட்டார்: கவலைப்படாதே, மொரப்பூரில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். அதுதான் கடைசிக் கடிதம். பிறகு காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. யுத்தம் முடிந்து, இறந்ததாகக் கொள்ளலாம் என்று இன்னொன்று வந்தது. இரண்டும் இங்கிலீஷில் இருந்ததால் போஸ்ட் மாஸ்டர்தான் படித்துச் சொன்னார்.

"தண்டவாளம் இல்லாததால அவரு வராம இல்ல. அது எனக்கும் தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏன் அக்கா அதையே எழுதினீங்க? அவரைப் பத்தி ஒண்ணுமே எழுதலியே?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"கல்யாணம் ஆயி அவரு போற வரைக்கும் மொத்தம் நாலு மாசம். அதுல ஆடி மாசம் ஒண்ணு வந்துச்சி, எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மீதி நாள்லயும் பகல்ல பேசிக்க முடியாது. பட்டாளத்துல எடுத்த போட்டோ ஒண்ணு இருக்குது. தொப்பி போட்டுகிட்டு இருப்பாரு. அதைப் பார்த்துப் பார்த்து, நேர்ல பார்த்த முகம் போச்சி. வண்டி நல்லா ஞாபகம் இருக்குது. பிடுங்கினது நல்லா ஞாபகம் இருக்குது. ஞாபகம் இருக்கிறதைத்தான எழுத முடியும்?"

கையறுநிலை என்றால் என்ன என்று வகுப்பில் நான் ஒரே மூச்சில் சொல்லுவேன். இறந்தவரின் புகழைச் சொல்லி இருப்பவர் வருந்துவது. புகழைச் சொல்லும் அளவுக்கு அவரைத் தெரிந்திருக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கு நான் படித்த எந்த இலக்கணத்திலும் இடம் இருந்ததாக நினைவில்லை. உப்புக் குறைந்ததை ஏன் எழுதினார், ஆணியை ஏன் எண்ணினார் என்று அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். அவரிடம் இருந்தது அவ்வளவுதான். அதிலும் பாதியை நான் வெட்டி எறிந்திருந்தேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் போய், பாட்டு தவறாக அச்சாகிவிட்டது, சரியானதை ஒரு துண்டுத் தாளில் அடித்து ஒட்டிக் கொடுக்கலாம் என்றேன். அவர் மலரைப் புரட்டிப் பார்த்தார்.

"பாட்டு நல்லாத்தானேம்மா இருக்கு. அதிகாரியே பாராட்டிட்டுப் போயிருக்கார். இதுல எங்கே தப்பு?"

நான் நோட்டிலிருந்து எழுதி வந்ததைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது வசனமால்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பத்து நாளுக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆகவே சண்டை போட முடியவில்லை.

கையாலேயே எழுதி மீதிப் பிரதிகளில் ஒட்டிவிடுகிறேன் என்று தையல் டீச்சரிடம் சொன்னேன்.

"எல்லாத்துலயும் எதுக்கு? எங்கிட்ட இருக்கிறதுல ஒட்டினாப் போதும்" என்றார். அன்று சாயங்காலம் நான் எழுதிக் கொடுத்த தாளை அவரே அளவாக வெட்டி, மைதா பசை காய்ச்சி, என் பாட்டு தெரியாதபடி மேலே ஒட்டினார். தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேலும் ஒரு பட்டைத் துண்டு வெட்டி ஒட்டினார். ஓரம் பிசிறில்லாமல், உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினார்.

மாமியார் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். என்ன அது என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தார். "நீங்க படிங்க டீச்சர், நான் சொல்றேன்" என்றார்.

நான் ஒரு வரி படிக்க, அவர் அதைத் தெலுங்கில் சொன்னார். உப்பு வரி வந்ததும் அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"உப்பு இல்லேன்னா அவனுக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டு ஊறுகா வாங்கித் தின்னிருப்பான்கிறாங்க. யாருகிட்டயும் கேட்டு வாங்கிச் சாப்பிட அவருக்குக் கூச்சமே கிடையாதாம்." என் பக்கம் திரும்பினார். "எனக்கு இது தெரியாது டீச்சர்."

பதினாலு, பதினைந்து வருஷம் இருவரும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். மகனைப் பற்றிப் பேசினால் மருமகள் அழுவாள் என்று இவர் பேசவில்லை. கணவரைப் பற்றிக் கேட்டால் மாமியார் தாங்கமாட்டார் என்று அவர் கேட்கவில்லை. அன்று மாமியார் மீதி மொச்சையை உரிக்கவே இல்லை. நடுநடுவே அழுதார். ஆனால் நிறுத்தாமல் பேசினார். பாட்டின் மீதி ஐந்து வரிகளைப் படிக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. நான் எழுந்து அடுக்களைக்குப் போய் உலை வைத்தேன்.

அடுத்த ஜூனில் எனக்குத் தருமபுரிக்கு மாற்றலானது. அங்கிருந்து ஒருமுறை ராயக்கோட்டைக்குப் போனபோது தையல் டீச்சர் ஒரு புது நோட்டைக் காட்டினார். மாமியார் தம் மகனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். கிணற்றில் குதிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார். எருமைக்குப் பயப்படுவார். பாட்டுப் பாடினால் ஊரே ஓடும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிதான். ஆனால் பாதி நோட்டு நிறைந்திருந்தது.

"இதையும் மலர்ல போடணும்னு சொல்லாதீங்க" என்றார்.

சொல்லவில்லை. அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எருமை என்பதற்கு இடையின ர போடாமல் வல்லின ற போட்டிருந்தார். படித்தபடியே அடுத்த பக்கத்துக்குப் போனேன்.