சினையை எண்ணெயில் போட்டவர்கள்

தான் செய்ததைத் தான்தான் செய்தேன் என்று சொல்ல, ஒரு பெண் ஏன் அடுத்தவர் வீட்டுக் குசினி அடுப்படியில் காத்திருக்க வேண்டும்? என்னோடு மீன் வெட்டிய றோஸ்மேரி சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

றோஸ்மேரி மன்னார்த் தீவின் வடகரைக்காரி. கடற்கரையில் மீனவர் கொட்டிலான வாடியில் குந்தியிருந்து மீன் வெட்டுவது அவள் வேலை. மார்கழியில் மணலை மீன் சினையோடு வந்தால் மட்டும் அவள் கை நிதானமாகிவிடும். வயிற்றைக் கீறும்போது கத்தி நுனி சினைப்பையில் படக்கூடாது. பட்டால் அது கறிக்குத்தான். பையின் கழுத்தை நூலால் கட்டி, நரம்பில் நிற்கும் இரத்தத்தைக் கரண்டியால் வழித்து, உப்பில் புரட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்துவாள். பிறகு பத்து நாள் நிழற்காற்று. காகத்துக்கு வலை, ஈக்குப் புகை. நாள் தவறாமல் புரட்டிப் போட்டால்தான் தேன் நிறம் வரும்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வருவதாக மீனவர் சங்கத் தலைவர் வலன்ரைன் சொன்னார். சினை பிடித்துப்போனால் செய்தவரையே ஹோட்டல் சமையலுக்கு எடுப்பார்களாம். இடுப்பை ஒடிக்கும் நாரி நோவோடு இனியும் எத்தனை நாள் வாடியில் குந்தியிருப்பது? றோஸ்மேரிக்கு அந்த வேலை வேண்டும்.

"தங்கச்சி, நாலு சோடிச் சினை கொண்டு வாரும்," என்றார் வலன்ரைன். " எங்கட வீட்டில வச்சுக் குடுப்பம். உம்மட வீட்டில ஆக்கள் இருக்கக் கதிரையும் இல்லையே."

நாற்காலி இல்லை என்ற அந்தக் குத்தலையும் விழுங்கிக்கொண்டு, ஹோட்டல்காரர் வந்த அன்று போனாள். வலன்ரைனின் மனைவி அன்ரோனெற் குசினி வாசலிலேயே பொதியை வாங்கினாள்.

"நீ இதில இரு. தேவையெண்டால் கூப்பிடுறன்."

இருந்தாள். முன் விறாந்தையில் ஹோட்டல்காரரிடம் பேசும் அன்ரோனெற்றின் குரல் கேட்டது.

"ஓம் சேர், நான்தான் செய்தனான். பத்து நாள் பட்ட பாடு இருக்கே, மாதாவே!"

றோஸ்மேரிக்குக் காது சுட்டது. அவள் எழும்புவதற்குள் அன்ரோனெற் உள்ளே வந்துவிட்டாள். தாச்சியில் எண்ணெயைக் கொதிக்கவிட்டு, மூன்று சோடியைக் கருவாடு மாதிரித் துண்டு போட்டு எறிந்தாள்.

"அக்கா! இதைப் பொரிக்கிறேல்லை!"

"சத்தம் போடாத. எனக்குச் சமைக்கத் தெரியாதே?"

பத்து நாள் பாடு ஒரு நிமிடத்தில் கருகிப்போனது. விறாந்தையில் விருந்தாளி ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இப்படிக் கசக்குது?"

அன்ரோனெற்றுக்கு நாக்குக் கூசவில்லை. "அது எங்கட பிழையில்லை சேர். வாடியில மீன் வெட்டுற ஒருத்தி செய்து தந்தவ. அவவை நம்பினதுதான் பிழை."

நல்லதென்றால் இவர்களுடையது. கெட்டதென்றால் அவளுடையது!

றோஸ்மேரி மிஞ்சியிருந்த சோடியையும் கத்தியையும் தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சினையின் தோலை உரித்தாள். வெளிச்சம் ஊடே தெரியுமளவுக்கு மெல்லிசாகச் சீவினாள். புளிப்புக்குத் தேசிக்காயைப் பிழிந்து தட்டை நீட்டினாள்.

"சேர், அந்த ஒருத்தி நான்தான். சாப்பிட்டுப் பாருங்கோ. பிழையெண்டால் என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ."

"றோஸ்மேரி! மரியாதையா உள்ள போம்!" என்று வலன்ரைன் கத்தினார்.

"இவ்வளவு நேரம் உள்ள இருந்ததே காணும் அண்ணை. உங்கட கதிரையில நான் இருக்கேல்லை, நிண்டுதான் குடுக்கிறன்."

விருந்தாளி ஒரு சீவலை வாயில் வைத்தார். உடனே இரண்டாவதை எடுத்தார். தட்டு வெறுமையானதும் வலன்ரைன் பக்கம் திரும்பி, "தலைவர், இவங்களை அனுப்பி வையுங்க" என்றார்.

"என்னோட கதையுங்கோ சேர்," என்றாள் றோஸ்மேரி. "வேலை செய்யப்போறது நான்."

அவர் வெட்கப்பட்டு அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். தை மாதம் அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

ஆனால் என் கோபம் ஆறவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் வலன்ரைன் எழும்பி, "அவளைக் கைதூக்கி விட்டது நாங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். ஊருக்குள் இப்போது அந்தக் கதைதான் ஓடித்திரிகிறது. இதை வாசித்தவர்கள் நடந்ததை நடந்தபடியே இன்னும் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது றோஸ்மேரி என்ற பெயரை விட்டுவிடாதீர்கள்.