அம்மா முழங்காலுக்கு நடுவில்

இன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் சின்ன வெங்காய லாரி ஒன்று என்னை உரசிப் போனதும், அந்த வாசனையிலேயே, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் ஊர் வெங்காயக் கொட்டகைக்குள் போய்விட்டேன். அங்கே பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, எழுந்திருக்காமலே நகர்ந்து நகர்ந்து, சருகு பறக்க வெங்காயம் தரம் பிரிப்பார்கள். அம்மாவின் வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவிலிருந்த இடம் என்னுடையது. பள்ளிக்கூடமே துரத்திவிட்ட குரங்கு நான். அங்கேயும் நெளிந்துகொண்டேதான் இருப்பேன்.

ஒரு நாள் நுழையப் பார்த்தால் இடமில்லை. அம்மாவின் வயிறு பெருத்திருந்தது.

"ஏலே, ஒன் எடத்தத் தம்பி புடிச்சுட்டான்டா!" என்று சிரித்தாள் பக்கத்திலிருந்த மாரியக்கா.

"வெளிய வரட்டும், கடிச்சு வச்சுருவேன்!"

"அப்பு, செத்த நேரம் எம் முதுகுக்குப் பின்னால உக்காருய்யா. இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

நானும் குத்தவைத்தேன். இரண்டு முறை தவளை மாதிரி மல்லாந்தேன். மூன்றாவது முறை நின்றது. அம்மா மெல்ல என் முதுகில் சாய்ந்தாள். கால் மரத்தது. மூக்கில் சருகு ஏறித் தும்மல் வந்தது. தும்மினால் அம்மா விழுந்துவிடுவாள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.