பெண் பார்க்கப் போன காரின் ஹோர்ன்

எங்கள் காரின் ஸ்டியரிங்குக்குள், ஹோர்னுக்கு மின்சாரம் கொடுக்கிற தகடு தேய்ந்துவிட்டது. பொருளாதாரத் தடையால் கொழும்பிலிருந்து புதியது வராது. அண்ணை பால்மா டின்னை வெட்டி ஒன்று செய்து பொருத்தினார்.

இன்று காலை அந்தக் காரில்தான் அண்ணைக்குப் பெண் பார்க்கப் போனோம், நானும் அவரும்.

பெண்ணுக்குத் தெரியாமல், போகிற போக்கில் ஒரு பார்வை. பிடிக்காவிட்டாலும் யாருக்கும் மனவருத்தம் இல்லை என்பது அம்மாவின் திட்டம்.

கொக்குவிலில் பெண் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஹோர்ன் அலறத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

வீட்டுக்கு வீடு படலை திறந்தது.

அண்ணை ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. தலை மட்டும் வெளியே வரவில்லை.

அந்தப் பெண்ணே காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, கலியாணப் புறோக்கர் சொன்ன கார் இதுதானே? கீழை ஒளிச்சிருக்கிறவரை ஒருக்கா நிமிரச் சொல்லும். நானும் பாக்கவேணும்."

அண்ணை நிமிர்ந்தார். மூக்கில் கிறீஸ்.

அவள் அவசரப்படாமல் பார்த்தாள்.

"சரி, போட்டு வாங்கோ. யோசிச்சுச் சொல்லியனுப்புறம்."

யாராவது கண்டுபிடித்துவிட்டால் நாங்கள் சொல்லவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்ட வசனம் அது.

மாலையாகிவிட்டது. அண்ணை இன்னும் படலையைப் பார்த்தபடி இருக்கிறார்.

பெண் வீட்டார் வழக்கமாக எவ்வளவு நேரம் யோசிப்பார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.