பாண்டித்துரையின் பழி

தென்காசியில் ஒருவனுக்குப் பட்டப்பேர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு வாப்பா வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். கல்யாண வீட்டில் மூன்றாம் தடவை பிரியாணி கேட்டவன், துபாய்க்குப் போன வேகத்தில் திரும்பி வந்தவன், வாய்ச்சண்டையில் அழுதவன், எல்லோருக்கும் ஒன்று உண்டு. பேரப்பிள்ளை காலத்திலும் அதைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்பார்கள். குற்றாலம் ரோட்டில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைத்துக் கொடுக்கும் மன்சூருக்கு விழுந்த பேர் 'தகரம்'. அதை விழ வைத்தவன் யாரோ வழிப்போக்கனாக இருந்திருந்தால் மன்சூர் பொறுத்துப் போயிருப்பான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ரிஃபாத் அதைச் செய்தான்.

மன்சூர் சீட் தைக்கக் கற்றது ஷார்ஜாவில். அங்கே அறையில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிடங்கில் டிரம்ஸ் வாசிப்பவன். வேடிக்கை பார்க்கப் போன மன்சூரின் கையில் ஸ்டிக் ஏறியது அங்கேதான். விசா முடிந்து வந்தபோது மற்றவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் சுமந்து வந்தார்கள். இவன் பெட்டியில் இரண்டு டிரம்ஸ் பெடல் இருந்தது. அவன் உம்மா அதைத் தையல் மெஷின் சாமான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தாள்.

ரிஃபாத் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. கிட்டாரும் குரலும் அவனுக்கு நன்றாக வரும். அவன் தொடங்கிய 'ஈரக்காத்து' என்ற ராக் குழுவில் மன்சூர்தான் டிரம்ஸ். பிறகு ஒரு வருடம் அதே ஆட்கள் விளையாட்டாக 'பாறைவெடி' என்று இன்னொரு குழுவை ஆரம்பித்தார்கள். அது முழுக்க முழுக்கக் கனமான சங்கீதம். கிட்டார் உறுமும், ரிஃபாத் அடித்தொண்டையிலிருந்து கத்துவான், மன்சூர் நாலு ஆள் பலத்தோடு அடிப்பான். ஊருக்குள் அந்தச் சத்தத்தை யார் தாங்குவார்கள்? கடையத்தில் மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லில் போய் ஐந்து பாட்டுப் பதிவு செய்தார்கள். அடிக்கும்போது இடுப்பு நோகக்கூடாது என்று இரட்டை ஸ்பாஞ்ச் வைத்து, கறுப்பு ரெக்சினில் சிவப்பு நூல் ஓட்டி, தன் ஸ்டூலைத் தானே தைத்துக்கொண்டான் மன்சூர். அவன் கையால் தைத்தவற்றில் அதற்கு ஈடு எதுவுமில்லை.

பாறைவெடிக்குக் காது கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் கொடுத்தவர்கள் வெறி பிடித்தவர்கள். ரிஃபாத்துக்கு அந்தக் கொஞ்சம் பேர் போதவில்லை. ஈரக்காத்தின் புதுப் பாட்டுகளைக் கொச்சிக்குப் போய்ப் பதிவு செய்தான். புல்லாங்குழல், மெல்லிய குரல், மழை பெய்வது போல எலெக்ட்ரானிக் தாளம். தன்னைக் கழற்றிவிட்ட செய்தியே மன்சூருக்கு ஒரு போட்டோவில்தான் தெரிந்தது. சிவப்பு நூல் ஓட்டிய அவன் ஸ்டூலில் முன்பின் தெரியாத ஒரு கொச்சிக்காரன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு பேட்டியில் பாறைவெடியைப் பற்றிக் கேட்டபோது, அது சின்னப்பிள்ளைகள் தகரத்தைத் தட்டி விளையாடியது மாதிரி, இப்போதுதான் ஒழுங்காக வாசிக்கிறோம் என்று ரிஃபாத் சொல்லி வைத்தான். பேட்டி வந்த வாரமே டீக்கடையில் ஒருத்தன் "ஏ தகரம், ஒரு டீ சொல்லட்டா?" என்று கேட்டான். சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் மன்சூரின் மகள் சமீனா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவளைப் பிள்ளைகள் 'தகரம் மவ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.  

அன்றைக்கு மன்சூர் மனைவி நிலோபரிடம் ஒன்று சொன்னான். "அந்த வார்த்தைய அவன் அதே வாயால, ஊரு கேக்கத் திருப்பி எடுக்கணும். அதுவரைக்கும் எனக்கு உறக்கம் கெடையாது."

உறக்கமெல்லாம் நன்றாகத்தான் வந்தது என்று நிலோபர் இன்றைக்கும் சொல்வாள். ஆனால் விழித்திருந்த நேரத்தில் அவன் சும்மா இருக்கவில்லை. ஈரக்காத்து ரசிகர்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு இருந்தது. அதில் பாண்டித்துரை என்ற பேரில் நுழைந்தான். சென்னை வடபழனியில் வேலை, பாறைவெடியின் பரம ரசிகன். தென்காசி மன்சூருக்கும் இந்தப் பாண்டித்துரைக்கும் எவனும் முடிச்சுப் போட முடியாது என்று அவனுக்குப் பெரிய நினைப்பு.

பாண்டித்துரை வந்த பிறகு குழு இரண்டாகப் பிளந்தது. பாறைவெடி ஐந்தருவியில் தலையைக் கொடுப்பது மாதிரி, புதுப் பாட்டு குளியலறை ஷவர் என்று எழுதினான். விடுதி வரவேற்பறையில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் போடத்தான் அந்தப் பாட்டு லாயக்கு என்றான். டிரம்ஸ் வாசித்தவனைப் பற்றியும் தாராளமாக எழுதினான். தன்னைத் தானே புகழ்வதில் அவன் கஞ்சத்தனம் காட்டவில்லை. எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதில்லை. பாறைவெடியில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததா, மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்த சத்தத்துக்கு எதற்குப் பாட்டு என்று பேர் என்று கேட்டார்கள்.

அவர்களில் இவனை உண்மையாகவே தடுமாற வைத்தவள் இலத்தூர் ஹுஸ்னா. பி.எட். படிக்கிற பெண். புதுப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்று நிதானமாக எழுதுவாள். ஒருநாள் பாண்டித்துரை, புதுப் பாட்டில் கோபமே இல்லை, கோபம் இல்லாதவனுக்கு ராக் எதற்கு என்று கொதித்தபோது, அவள் ஒரே வரி எழுதினாள்: 'மெதுவாகச் சொன்னால் கோபம் இல்லை என்று அர்த்தமா?' மன்சூர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டோ சீட் ஒன்றைக் குத்திக் கிழித்தான். 

ரமலானில் சண்டை உச்சத்துக்குப் போனது. பசி வேறு, கோபம் வேறு. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தால் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை போனிலேயே கிடப்பான். நிலோபர் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பாள்.

"நோம்பு வச்சுக்கிட்டு இப்பிடி ஊராளை வையுதியளே, நோம்பு கூடுமா?" என்று கேட்டாள்.

வைவது பாண்டித்துரைதானே, தனக்கென்ன என்று சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். அது பெரிய சாமர்த்தியமான பதில் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது.

சண்டையின் சூடு வெளியேயும் பரவியது. குற்றாலத்தில் ஒரு பெரிய விடுதிக்காரர்கள் சீசனுக்கு ஈரக்காத்தின் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தபோது, பாறைவெடியும் வேண்டுமா என்று இணையத்தில் கேட்டு வைத்தார்கள். ரசிகர்கள் வேண்டும் என்று கொட்டித் தள்ளிவிட்டார்கள். கொச்சிக்காரனால் அந்த அடியை அடிக்க முடியாது. ரிஃபாத் என்ன செய்வான் என்று மன்சூர் காத்திருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் எதற்கும் காத்திருந்ததில்லை.

ஆனி கடைசியில், சாரல் விழுகிற ஒரு மத்தியானம் ரிஃபாத் கடைக்கு வந்தான். கையில் அந்த ஸ்டூல். ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்ச் பிதுங்கியிருந்தது. மன்சூர் ஏறிட்டுப் பார்த்தான், உட்காரச் சொல்லவில்லை. ஒரு ஆட்டோ சீட்டை முடித்தான். அடுத்து அவசரமே இல்லாத ஒரு புல்லட் சீட்டை எடுத்துப் பிரித்தான். ரிஃபாத் வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்றான். ஊரில் பெரிய பாட்டுக்காரன் தன் கடை வாசலில் நிற்பதை ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று மன்சூர் ஊசியில் நூல் கோப்பதற்கே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் ரிஃபாத்தே பேசினான். பாறைவெடிக்கு நீதான் வரவேண்டும் என்றான். மன்சூர் தலையைத் தூக்காமல், வருகிறேன், ஆனால் தகரம் என்று சொன்னது தப்பு என்று மேடையில் மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். மறுப்பான், மல்லுக்கு நிற்பான், அப்போது நன்றாக நாலு கேட்கலாம் என்று மனசுக்குள் எல்லாம் தயாராக இருந்தது. ரிஃபாத் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கேட்டுட்டாப் போச்சு, பாண்டித்துரை அண்ணாச்சி" என்றான்.

மன்சூரின் கை நின்றுவிட்டது.

"வேற பேருல நானும் அந்தக் குழுவுலதாம்லே கெடக்கேன்" என்றான் ரிஃபாத். "பாண்டித்துரைன்னு பேரு வச்சவன் எதுக்குலே தெனமும் பொழுதடைய மஃரிபுக்கு வாய மூடுதான்? அதுவும் மெட்ராஸ்ல நமக்குப் பத்து நிமிஷம் முந்தியே நோம்பு தொறந்து கஞ்சி குடிச்சு முடிச்ச பெறவும் எழுதிக்கிட்டே இருக்கான். நம்மூருப் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாத்தான் நிறுத்துதான். ரெண்டாம் நோம்புலயே கண்டுபிடிச்சிட்டேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மன்சூர் கேட்டான். எதற்குச் சொல்ல வேண்டும் என்று சிரித்தான் ரிஃபாத். மன்சூர் போட்ட சண்டையால்தான் கச்சேரிக்கே இவ்வளவு பேர் வருகிறார்கள், விளம்பரம் செய்ய ஆள் வைத்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான் என்றான். ஸ்டூலை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

பழி வாங்கப் போனவன், பழி வாங்க வேண்டியவனுக்கே மாதக்கணக்கில் சம்பளமில்லா வேலை பார்த்திருக்கிறான்.  மன்சூர் ஸ்டூலின் ரெக்சினைக் கிழித்தெறிந்தான். கொச்சிக்காரன் உட்கார்ந்து அமுங்கிய ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டான். புதிதாக இரட்டை ஸ்பாஞ்ச் வைத்து, சிவப்பு நூல் ஓட்டி மறுபடி தைத்தான். எப்படியானாலும் அந்த மன்னிப்பு மேடையில் வரப்போகிறது, அதை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் விடுதி மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. முன்வரிசைக்குப் பக்கத்தில் நிலோபரும் சமீனாவும் ஒரே குடையில் நின்றார்கள். முதலில் புதுப் பாட்டுகளைப் பாடினார்கள். பிறகு மன்சூர் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பல்லவியில் கூடச் சேர்ந்து கத்துவதற்கு அவன் வாய்க்கு நேராகவும் ஒரு மைக் வைத்திருந்தார்கள்.

ரிஃபாத் முன்னால் வந்து கூட்டத்தை அமர்த்தினான். மன்சூரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூடத்திலிருந்தே மன்சூருக்குத் தெரியும். அடுத்தவன் மாட்டிக்கொள்ளப் போகும்போது வருவது.

"இந்தப் பாட்டு வேணும்னு நமக்காகச் சண்ட போட்ட ஒரு அண்ணாச்சி இருக்காரு. மெட்ராஸ் பாண்டித்துரை. பாண்டித்துரை அண்ணாச்சி, தகரம்னு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க. இங்க வந்திருந்தா ஒரு தடவ கையத் தூக்குங்க."

கூட்டம் பாண்டித்துரை, பாண்டித்துரை என்று கத்த ஆரம்பித்தது. ஆளாளுக்குப் பின்னால் திரும்பித் தேடினார்கள். இரண்டு வருடம் காத்துக்கிடந்த மன்னிப்பு, உலகத்திலேயே இல்லாத ஒருத்தனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சொன்ன சொல்லை ரிஃபாத் காப்பாற்றிவிட்டான், ஒரு எழுத்துக் குறையவில்லை. மன்சூர் எழுந்து நான்தான் என்று சொன்னால் தன்னைத் தானே புகழ்ந்து எழுதியவன் என்று ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அந்த ரோஷக்காரன் வாயைத் திறக்கமாட்டான் என்பதுதான் ரிஃபாத் போட்ட கணக்கு. மன்சூர் குடைக்குக் கீழே நின்ற மகளைப் பார்த்தான். நாளைக்கும் அவள் தகரம் மகள்தான். கையைத் தூக்கினான்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் கத்தவில்லை. மைக் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகப்படுகிற அளவுக்கு மெதுவாகப் பேசினான்.

"பாண்டித்துரை நாந்தாம். மெட்ராஸ் இல்ல, குற்றாலம் ரோடு சீட் கவர் கட மன்சூரு. என்னைய நானே புகழ்ந்து எழுதுனேன், வெக்கந்தாம். ஆனா என்னத் தகரம்னு சொன்னவன் இப்ப உங்க முன்னால என்ட்ட மன்னிப்புக் கேட்டான். வாங்கிக்கிட்டேன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.  கூட்டத்தில் சிரித்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதே சிரிப்போடு கைதட்டினார்கள். ரிஃபாத்தின் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்க வழியில்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தயாராவதற்கு முன்பே மன்சூர் ஸ்டிக்கைத் தட்டிப் பாட்டைத் தொடங்கிவிட்டான். முதல் வரியை ரிஃபாத் தவறவிட்டான். அதை மறுபடி எடுக்க அவனுக்கு ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் குழுவில் ஹுஸ்னா எழுதினாள், அடி நன்றாக இருந்தது, இருந்தாலும் புதுப் பாட்டுதான் நல்ல பாட்டு, ஆனால் நேற்று மெதுவாகப் பேசியதுதான் எல்லாவற்றிலும் கனம் என்று. 

ஈரக்காத்துக்கு அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டான். ஸ்டூல் இப்போது கடையில், தையல் மெஷினுக்கு முன்னால் கிடக்கிறது. தகரம் என்ற பேரை ஊர் ஒரே வாரத்தில் மறந்துவிட்டது, அதைவிட நல்ல பேர் கிடைத்தால் மறக்காதா? இப்போது சீட் கிழிந்தவனிடம் 'பாண்டித்துரை பாய் கடைக்குப் போ' என்கிறார்கள். சமீனா பாண்டித்துரை மகள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ரிஃபாத் ஒருவனைத் தவிர. கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்டது மன்சூரிடம்தான் என்று அவன் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவன் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மன்சூர் வேலையை நிறுத்திவிட்டு, கூப்பிடுகிறானா என்று பார்க்கிறான்.