குமரகுருவின் ஏழடித் தொட்டி

குமரகுரு மாமா டீ குடிப்பதைப் பார்க்க வேண்டும். டம்ளரை வெறுமனே மேசையில் வைக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து நூல் வேஸ்ட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அதன்மேல்தான் டம்ளரை உட்கார வைப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டுக்கு வீடு பவர்லூம்; என் அம்மாவின் தம்பியான மாமாவுக்கு எட்டுத் தறி.

அவர் மகள் மோனிஷா மேல்படிப்புக்கு ஜெர்மனி போனபோது தன் மீனை அவரிடம் விட்டுப் போனாள். நுரையீரல் மீன். தண்ணீரிலேயே கிடந்தாலும் அவ்வப்போது மேலே வந்து, நம்மைப்போல் காற்றை இழுத்துக்கொண்டு போகும். வெளியூரில் படித்தபோது விரல் நீளத்தில் வாங்கி, அங்கேயே அறையில் வைத்து வளர்த்தது; இரண்டடி வளர்ந்திருந்தது.

“ரெண்டே வருசம்ப்பா. நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க.”

கேட்டு வாங்கிப் பழகாத பெண் அவள். முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறாள்.

மாமா கூடத்துத் தரையில் சாக்பீஸால் தொட்டியை வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். நீளம் ஏழடி. மீன் இன்னும் வளர்ந்தாலும் உடம்பை மடக்காமல் திரும்ப அகலம் மூன்றடி. தண்ணீர் ஒன்றரை அடி போதும். மூச்சுவிட மேலே அரையடி காலி. தாவிவிடாமல் இருக்க மூடிக்குக் கொக்கி. அடியில் சலித்த ஆற்று மணல், ஒளிந்துகொள்ள ஒரு மண் குழாய். இவ்வளவு எடையும் அசையக் கூடாதே என்று, தறிக்குச் செய்வது மாதிரியே, காங்கிரீட்டில் துளை போட்டு இரும்பு ஸ்டாண்டுக்கு எட்டு போல்ட் இறக்கினார். தறி ஓடும் பட்டறைக்கும் கூடத்துக்கும் ஒரே தரை.

“பூமியே ஆடுனாலும் இது ஆடாது மாப்ளே” என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். நானும் நம்பினேன்.

மீன் சாப்பிடவில்லை. மண்புழு, இறால், எதையும் தொடவில்லை. குழாய்க்குள் கூடப் போகாமல் மூலையில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தது. மாமா தண்ணீரை மாற்றினார், விளக்கை மாற்றினார். ஞாயிறுதோறும் மோனிஷா கூப்பிடும்போது நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

“சாப்பிடுதாப்பா?”

“சாப்பிடுது சாமி. இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்துச்சு.” என்னைப் பார்க்காமல் சொல்வார்.

நாற்பதாவது நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரெங்கும் மின்தடை. ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. பத்தரைக்கு மீன் மூலையை விட்டு வந்தது. மூன்று மண்புழுவை மென்று, துப்பி, மறுபடி மென்று விழுங்கியது. மாமா சத்தமில்லாமல் சிரித்தபடி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. மீன் மூலைக்குப் போனது.

மாமா குனிந்து, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்த ஒரு போல்ட்டின்மேல் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“முப்பது வருசமா இந்த ஆட்டத்து மேலதான் நிக்கறேன். ஒருநாளாவது தெரிஞ்சுதா பாரு.”

போல்ட்டுகளை அறுத்து, லாரி டயர்த் துண்டுகளை அடியில் கொடுத்தோம். தன் எட்டுத் தறியையும் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். தெருவே ஓடும்போது எட்டு நின்று என்ன ஆகும்? வேறு ஊருக்குக் கொண்டு போகலாமா என்று சேலத்து மீன்கடைக்காரரிடம் கேட்டோம். “இருக்கற நெலமையில தூக்கினா வழியிலயே போயிருங்க” என்றார்.

கடைசியில் டீக்கடையில் வைத்துக் கேட்டேவிட்டார்: மதியம் ஒரு மணி நேரம் மட்டும் எல்லோரும் தறியை நிறுத்த முடியுமா? பக்கத்துப் பட்டறைக் கைலாசம்தான் முதலில் சிரித்தார்.

“ஏனுங்க குமரகுரு, மீனுக்கு மத்தியானத் தூக்கம் வேணுமாக்கும்? தாலாட்டுப் பாட ஆள் அனுப்பட்டுங்களா?”

“இல்லீங்க, அது சாப்பிட மாட்டேங்குது...”

“எங்க ஊட்டுப் பசங்களுந்தான் சாப்பிடறதில்ல. தறியை நிறுத்துனா சாப்பிடுவானுகளான்னு கேட்டுப் பாக்கறனுங்க.”

கடையே சிரித்தது. மாமாவும் சேர்ந்து சிரித்தார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தெரு. யாரைக் குறை சொல்வது?

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் மீன் மேலே வந்து காற்றை இழுத்தது. பிறகு கீழே போகவில்லை.

அந்த ஞாயிறு மாமா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். “நீங்க சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள் அவள். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

கைலாசத்திடம் தறி ஓட்டும் சின்னாயி அக்கா சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஆடி பிறந்திருந்தது. டீக்கடையில் சிரித்த மறுநாளிலிருந்து அந்த மூன்று வாரமும், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை, மாமா வீட்டுச் சுவரை ஒட்டிய தன் நான்கு தறிகளைக் கைலாசம் நிறுத்தி வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் நூல் வரவில்லை என்று சொல்லச் சொன்னாராம். மற்ற தறிகளின் இரைச்சலில் யாரும் கேட்கவில்லை.