மெல்லுகிறவர்கள் வரவேண்டாம்

மைசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பைத்தான் புரோகிராம் எழுதும் புட்டசாமி மண்டியாக்காரன். ராகி முத்தையை, அதாவது களி உருண்டையை, மெல்லாமல் விழுங்குகிற பரம்பரை. பக்கத்து நாற்காலிக்காரி மங்களூர் சிந்து அதை மென்று தின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவன் வாய் சும்மா இருந்ததில்லை.

"அது சூயிங்கமா மேடம்? முழுங்குங்க!"

"உனக்கு ஒருநாள் இருக்கு, புட்டா."

அந்த நாள் வந்தது. அன்று மாலைதான் அவன் வேலை நிரந்தரமா என்று மேனேஜர் சுதீந்திரா சொல்வதாக இருந்தது.

ஜெயம்மா மெஸ்ஸின் மதியச் சாப்பாட்டு விவரத்தை வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பும் புரோகிராமை அவன் சோதித்துக்கொண்டிருந்தான். சோதனையில் செய்தி நிஜமாகப் போய்விடக் கூடாதே என்று, அனுப்பும் ஃபங்ஷனுக்குப் பதில் எதையும் அனுப்பாத ஒரு டம்மியை உட்காரவைத்தான். டம்மிதானே என்ற தைரியத்தில் மெஸ்ஸின் நிஜ நம்பர்களையே கொடுத்தான். செய்தியும் இஷ்டத்துக்குத்தான்: "இன்று முத்தை மட்டும். மெல்லுகிறவர்கள் வரவேண்டாம்."

சற்று நேரத்தில் சுதீந்திராவின் போனில் ஜெயம்மா வெடித்தாள்.

"என்ன சார் இது? நான் பிசிபேளேபாத் பண்ணி வெச்சிருக்கேன், எல்லாரும் முத்தை கேக்கறாங்க! ஒரு பெரியவர், 'எனக்குப் பல்லே இல்ல, முதல் பந்தி எனக்குத்தான்'ங்கறார்!"

சிந்து புரோகிராமை எட்டிப் பார்த்தாள். "டம்மியை எங்க வெச்ச?"

"ஃபங்ஷன் எழுதின ஃபைல்ல."

"மெஸ்ஸுக்கு எழுதின ஃபைல் அந்த ஃபங்ஷனை முன்னாடியே இம்போர்ட் பண்ணி, இழுத்துத் தன்கிட்ட வெச்சிருக்கு. அங்கதான் டம்மியை வைக்கணும்! நீ பழைய வீட்டு வாசல்ல காவல் நின்ன, ஆள் புது வீட்லேர்ந்து கிளம்பிட்டான்."

சுதீந்திரா கதவைக் காட்டினார். "ஜெயம்மா மன்னிச்சா நீ நிரந்தரம், புட்டா. இல்லேன்னா மண்டியா பஸ்."

மெஸ்ஸுக்குப் போனவன் கையில் ஜெயம்மா களிக் கோலைத் திணித்தாள். வேர்க்க வேர்க்கக் கிண்டினான். பல்லில்லாத பெரியவர் மூன்றாவது உருண்டை கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுதீந்திராவுக்குப் போன் போட்டாள்: "இவனை நீங்க வெச்சுக்கறீங்களா, நான் வெச்சுக்கட்டுமா?"

வேலை தங்கியது. சிந்து மட்டும் விடவில்லை.

"இனிமே சோதனைக்கு உன் நம்பர் மட்டும்தான். டம்மியை முதல்ல எரர் போட்டுக் கத்த வை. கத்தினாத்தான் சரியான இடத்துல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம்."

சமர்த்தாக எழுதி ஓட்டினான். திரை சிவந்தது. டம்மி கத்தியது: "மெல்லாதே!"

சிந்து அவனைப் பார்த்தபடியே ஒரு கோடுபளே முறுக்கை எடுத்து, நறநறவென்று மென்றாள்.