கொதித்த கஞ்சியில் போட்ட பவுடர்

என் நாத்தனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவளை வில்லியனூரில் கொடுத்தார்கள், கடைசியைக் கரிக்கலாம்பாக்கத்தில். நடுவில் உள்ளவள் அம்சவள்ளி, பாகூரில் கரும்பு வைக்கும் சிவப்பிரகாசத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் கல்யாணப் பந்தியில் தயிர் புளித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதை ஐந்து வருடம் சொல்லிக் காட்டினார்கள். அந்த ரோஷத்தாலோ என்னவோ, முப்பது வருடமாக அவள் உறை ஊற்றும் தயிரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. தவளக்குப்பத்தில் கனகராஜ் ஓட்டலுக்கு அவள் தயிர்தான் போகிறது.

போன தை மாதம் சிவப்பிரகாசத்துக்கு வயிற்றில் புற்றுநோய் என்று இரைப்பையையே எடுத்துவிட்டு, குடலை மேலே இழுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா, "தண்ணிய நல்லா கொதிக்க வெச்சி ஆத்திக் குடுங்க. கெட்ட கிருமி உள்ள போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அம்சவள்ளிக்கு அது சாமி வாக்கு. டம்ளர் கொதித்தது, கரண்டி கொதித்தது, வாய் துடைக்கும் துண்டுகூடக் கொதித்தது.

ஆனாலும் பேதி நிற்கவில்லை, நாளைக்கு எட்டுத் தடவை. மனுஷன் நாற்பத்திரண்டு கிலோவுக்கு வந்துவிட்டார். "பேதி அடங்கி எடை ஏறினாதான் கீமோ ஊசி போட முடியும். ரொம்ப நாள் தள்ளவும் கூடாது" என்றார் டாக்டரம்மா. பதினைந்து பொட்டலம் பவுடர் கொடுத்தார். "குடலுக்கு நல்லது பண்ற கிருமி இதுல இருக்கு. ஓரளவுக்கு உதவும்."

கிருமி என்றதும் அம்சவள்ளிக்குப் பகீரென்றது. நல்லதோ கெட்டதோ, எதற்கு வம்பு என்று, தளதளவென்று கொதிக்கிற கஞ்சியில் பவுடரைக் கொட்டி, மேலும் இரண்டு கொதி விட்டுத்தான் இறக்குவாள்.

"இன்னாடி இது, சுண்ணாம்பா?"

"டாக்டர் குடுத்ததுய்யா. பேசாம குடி."

"வயித்தையே எடுத்துட்டானுங்க. இல்லாத வயித்துக்கு ஒரு பேதி, அதுக்கு ஒரு பவுடரு!"

பதினைந்து நாளும் இப்படியே போனது. பேதி குறையவில்லை, இன்னொரு கிலோவும் இறங்கிவிட்டது. மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்புகிற அன்றைக்கு அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "பவுடரே கேக்காத ஒடம்பு இது. ஊசியா கேக்கப் போவுது? இன்னியோட ஆஸ்பத்திரி போதும். வூட்டுலயே கெடந்து சாவறேன்."

ஆஸ்பத்திரியில் அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம், டாக்டரம்மா கேட்டார்: "பவுடரை எப்படிம்மா குடுத்தீங்க?"

"கொதிக்கிற கஞ்சியிலதாம்மா. ஒரு பொட்டலம்கூட பச்சையா குடுக்கல." சொல்லும்போது அவள் குரலில் பெருமைகூட இருந்ததாம்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "அது உயிரோட உள்ள போவணும்மா. நீங்க பாலுக்கு உறை ஊத்தறப்போ..."

முடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிவிட்டதா என்று தினமும் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறவள் அவள். அந்த விரலை மடக்கிக்கொண்டு தலை குனிந்தாள்.

"அதனாலதான் பேதி நிக்கலன்னு நான் சொல்லல. மாத்திரையும் மாத்தித் தரேன். இந்தப் பொட்டலத்த ஆறின தண்ணியில குடுங்க. பதினஞ்சி நாள் பாக்கலாம், அதுக்கு மேல தள்ள முடியாது."

அவர் திரும்பி வந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால், தன் உடம்புக்கு இனி எந்த மருந்தும் கேட்காது என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வருகிற வழியில் பஸ்ஸில் அவருக்கு முடியவில்லை. தவளக்குப்பத்தில் இறங்கி, கனகராஜ் ஓட்டல் பின்கட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, பெஞ்சில் சாய்ந்தார்.

"யக்கா, இன்னிக்கும் தயிரு கத்தி வெச்சி அறுக்கற மாதிரி கீது" என்றான் கனகராஜ், கல்லாவிலிருந்து.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உடைந்துவிட்டது. "பவுடரு மேல தப்பு இல்லய்யா. நாந்தான் வேவ வெச்சி சாவடிச்சிட்டேன்."

"எத்த?"

"அதுக்குள்ள இருந்தத. கொதிக்கிற பால்ல உறமோரு ஊத்தினாப்பல."

"பதினஞ்சும்?"

"பதினஞ்சும்."

எதற்கும் கேலி பேசுகிற மனுஷன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஊருக்கே தயிரு ஊத்தறவ நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அடுத்த பஸ்ஸில் பாகூர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் ஆற்றிய தண்ணீரோடு போய் நின்றாள். அவர் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். தானே கலக்கிக் குடித்தார்.

நேற்று நான் போயிருந்தேன். இப்போதும் அவரேதான் கலக்கிக்கொள்கிறார். பொட்டலத்தை அவளைத் தொட விடுவதில்லை. பேதி நாளைக்கு ஐந்து தடவையாகக் குறைந்திருக்கிறதாம். வியாழக்கிழமை எடை பார்க்கப் போகிறார்கள். நாற்பத்தொன்று ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா, ஆளைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஊசிக்குப் போவதாக மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நான் கிளம்பும்போது அம்சவள்ளி உறை ஊற்ற உட்கார்ந்திருந்தாள். பாலில் விரலை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். பிறகு பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அத்த, நீ கொஞ்சம் பாரேன். சூடு சரியா கீதா?"